பல மொழிப் படங்களுக்கு யார் பணம் போட்டார்கள்? ஆரம்பகாலப் பேசும்படங்களைப் பற்றிய விளக்கங்கள்

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. தமிழின் முதல் பேசும்படம் என்று அதைக் கொண்டாடுகிறோம். ஆனால் படத்தில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். மற்றவர்கள் வசனத்தில் தெலுங்கு கலந்திருந்தது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி, எடுத்த நிறுவனம் பம்பாயில் ஆர்தேஷிர் இரானி நடத்திய இம்பீரியல் மூவிடோன். இந்தக் கலப்பைத் தொடக்ககாலத்துத் தடுமாற்றம் என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். பணம் போட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதில் தடுமாற்றம் அதிகம் தெரியவில்லை. ஒரே நெகடிவை வைத்துக்கொண்டு சென்னை மாகாணத்தின் இரண்டு பெரிய மொழிச் சந்தைகளிலும் கொட்டகைக்காரரிடம் காசு வாங்க முடிந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தப் பழக்கம் பல வடிவங்கள் எடுத்தது. ஒரே தளத்தில் இரண்டு மொழிக்கும் தனித்தனியாக நடிகர்களை வைத்து எடுத்தார்கள். ஒரு மொழியில் ஓடிய படத்தை இன்னொன்றில் மறுபடி எடுத்தார்கள். பிறகு டப்பிங் வந்தது. இவற்றுக்கெல்லாம் முதல் எங்கிருந்து வந்தது, பணம் போட்டவர் ஏன் ஒரு மொழியோடு நிற்கவில்லை என்ற கேள்விக்குக் குறைந்தது ஐந்து விதமான விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று முழுதாக மோதுவதில்லை, முழுதாகப் பொருந்துவதுமில்லை.

கேள்வியின் வயது

படம் பேசத் தொடங்குவதற்கு முன்பே பணத்தைப் பற்றிய விசாரணை தொடங்கிவிட்டது. 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவுக்குத் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். வங்கிகள் படத்தொழிலுக்குக் கடன் தருவதில்லை, வெளியில் வாங்கினால் வட்டி கட்டி மாளவில்லை என்ற புகார் அந்தக் குழுவின் முன் வந்தது. 1949இல் அமைக்கப்பட்ட எஸ்.கே. பாட்டீல் குழு 1951இல் அறிக்கை தந்தபோதும் புகார் ஏறக்குறைய அதுவேதான். அதன் பரிந்துரைப்படி திரைப்பட நிதிக் கழகம் உருவாக 1960 ஆயிற்று. நாம் பேசும் காலம் முழுவதும் இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. முறையான வங்கிக் கடன் இல்லாமலே ஒரு தொழில் நான்கைந்து மொழிகளில் வளர்ந்தது என்பதுதான் இங்கே விளக்கம் கேட்கும் விஷயம்.

ஐரோப்பாவின் கணக்கு

முதல் விளக்கம் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. ஒலி வந்ததும் படம் மொழிக்குள் சிறைப்பட்டது. டப்பிங் இன்னும் கைகூடவில்லை. ஆகவே ஒரே கதையைப் பல மொழிகளில் எடுக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்குச் சான்று நிறைய உண்டு. பாரமவுண்ட் 1930இல் பாரிசுக்கு அருகே ஜோன்வில்லில் ஒரு தளத்தை நிறுவி, ஒரே அரங்கில் ஒரு மொழிக்காரர் எழுந்துபோனதும் அடுத்த மொழிக்காரரை நிறுத்திப் படம் எடுத்தது. பெர்லினில் 'தி புளூ ஏஞ்சல்' ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் எடுக்கப்பட்டது. ஹாலிவுட்டில் 1931ஆம் ஆண்டு 'டிராகுலா'வின் ஸ்பானிய வடிவம் அதே அரங்குகளில் இராப் பொழுதில் எடுக்கப்பட்டது.

அங்கே இந்த முறை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. 1932 வாக்கில் ஜோன்வில் பெரும்பாலும் டப்பிங் கூடமாக மாறிவிட்டது. டப்பிங் மலிந்ததும் பல மொழிப் படப்பிடிப்புக்கு அவசியம் போய்விட்டது என்பது வழக்கமான முடிவு.

இந்தியாவுக்கு இதை அப்படியே பொருத்துவது கடினம். இங்கே பிரபாத் நிறுவனம் 1932இல் மராத்தியிலும் இந்தியிலும் அயோத்தி ராஜா கதையை எடுத்தது. நியூ தியேட்டர்ஸ் 1935இல் 'தேவதாஸ்' கதையை வங்காளத்தில் பரூவாவை வைத்தும் இந்தியில் சைகலை வைத்தும் எடுத்தது. ஐரோப்பாவில் கைவிடப்பட்ட பிறகும் இங்கே இந்த முறை வளர்ந்தது. தமிழில் டப்பிங் படம் வர 1944 ஆயிற்று. அதற்குப் பிறகும் இரு மொழிப் படப்பிடிப்பு நிற்கவில்லை. தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்றால் இந்த நீட்சிக்கு விடை கிடைப்பதில்லை.

காலியாகக் கிடந்த தளங்கள்

இரண்டாவது விளக்கம் ஸ்டுடியோவை மையமாக வைக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியும் கேமராவும் தளமும் பெரிய முதலீடு. ஒரு மொழிப் படங்களால் மட்டும் ஆண்டு முழுவதும் தளத்தை நிரப்ப முடியாது. எனவே பம்பாய், கல்கத்தா, கோலாப்பூர் ஸ்டுடியோக்கள் தென்னிந்தியப் படங்களை வரவேற்றன. 1931 முதல் 1934 வரையிலான தமிழ், தெலுங்குப் படங்கள் எடுக்கப்பட்ட ஊர்களைப் பார்த்தால் இது சரியாகவே தோன்றும். முதல் கன்னடப் பேசும்படமான 'சதி சுலோசனா' (1934) கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. அதற்குப் பணம் போட்ட சமன்லால் துங்காஜி பெங்களூரில் தொழில் செய்த மார்வாரி வணிகர். இயக்கியவர் தெலுங்கரான ஒய்.வி. ராவ். கன்னடத்தின் முதல் படத்துக்குப் பின்னால் இத்தனை மொழிக்காரர்கள் நின்றார்கள்.

இந்த விளக்கத்தின் பலம் அது நிலைச்செலவைச் சரியாகப் பிடிக்கிறது என்பது. ஆனால் ஸ்டுடியோக்காரருக்கு ஏன் லாபம் என்றுதான் இது சொல்கிறது. ரயிலேறி, நடிகர் கூட்டத்தைக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போய் மாதக்கணக்கில் சோறு போட்ட தென்னாட்டுத் தயாரிப்பாளர் அந்த நடைமுறைச் செலவுக்கு எங்கே கைநீட்டினார் என்பதற்கு இதில் பதில் இல்லை.

காலக் கணக்கும் இடிக்கிறது. 1934இல் ஏ. நாராயணனின் சீனிவாசா சினிடோன் சென்னையிலேயே 'சீனிவாச கல்யாணம்' எடுத்தது. அதே ஆண்டு வேல் பிக்சர்ஸ் சென்னையில் தெலுங்கில் 'சீதா கல்யாணம்' எடுத்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் வந்தன. வெளியூர்த் தளத்தின் கட்டாயம் தளர்ந்த பிறகு பல மொழித் தயாரிப்பு குறைந்திருக்க வேண்டும். நடந்தது அதற்கு மாறானது. இயக்குநர் கே. சுப்ரமணியம் 1937இல் 'பாலயோகினி'யைத் தமிழிலும் தெலுங்கிலும் தந்தார். சேலத்திலிருந்து 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' வந்தது. உள்ளூர்த் தளங்களும் வேலைக்காக ஏங்கின என்று சொல்லி இந்த விளக்கத்தை ஓரளவு காப்பாற்றலாம். சேலத்தைப் பொறுத்தவரை அது பொருந்தவும் செய்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் சம்பளப் பட்டியலோடு நடந்த ஆலை போன்ற நிறுவனம். சுந்தரம் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஓடாத நாளுக்கும் கூலி உண்டு என்ற கணக்கு அவருக்குப் புதிதல்ல.

செட்டியார் பணமா?

மூன்றாவது விளக்கம் அதிகமாகப் புழங்குவது, குறைவாகச் சோதிக்கப்பட்டது. 1930களின் பெருமந்தத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் சரிந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பணம் ஊர் திரும்பியது. திரும்பிய பணம் சினிமாவுக்குள் நுழைந்தது. ஏ.வி. மெய்யப்பன், 'பவளக்கொடி' (1934) காலத்திலிருந்து நாடகத்துக்கும் படத்துக்கும் நடுவே நின்ற லேனா என்ற எஸ்.எம். லட்சுமணன் செட்டியார் ஆகியோரை உதாரணம் காட்டுவார்கள்.

இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பர்மாவில் மந்தம் வந்தபோது செட்டியார்களின் கடன் பணமாகத் திரும்பவில்லை, நிலமாகத்தான் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. நிலத்தில் முடங்கிய முதலை மூட்டைகட்டிக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியாது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது அதில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகவே திரும்பி வந்த பர்மாப் பணம் என்ற படிமத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது. புதிதாகக் கடல் கடந்து அனுப்பாமல் ஊரிலேயே நிறுத்திய பணம் என்று சொன்னால் ஒருவேளை உண்மைக்கு நெருங்கலாம்.

மெய்யப்பனின் வழியும் இந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. அவர் கடையில் விற்றது இசைத்தட்டு. சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் வந்த வியாபாரத்திலிருந்துதான் 'அல்லி அர்ஜுனா' (1935) எடுக்கக் கல்கத்தா போனார். அது கையைச் சுட்டது. 1940இல் அவர் எடுத்த 'பூகைலாஸ்' தெலுங்குப் படம். அதில் கன்னட நாடக மேடையின் சுப்பையா நாயுடுவும் நாகேந்திர ராவும் நடித்தார்கள். காரைக்குடிக்காரர் பணம், தெலுங்கு வசனம், கன்னட நடிகர்கள். சாதிப் பெயரை வைத்து மட்டும் இந்தத் தேர்வை விளக்க முடியாது.

கோவையில் பணம் வேறு கிணற்றிலிருந்து வந்தது. 1932 வாக்கில் பைகாரா மின்சாரம் வந்தபின் அங்கே ஆலைகள் பெருகின. சென்ட்ரல் ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஆலை முதலாளிகளும் படம் காட்டும் தொழிலிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டும் இருந்தார்கள். ஆந்திரப் பகுதியில் ஜமீன் பணம் வந்தது: 'மாலப்பிள்ள' (1938) எடுத்த சாரதி ஃபிலிம்ஸுக்குப் பின்னால் இருந்தவர் சல்லப்பள்ளி ஜமீன்தார். வணிக வட்டியும் ஆலை லாபமும் நிலவரியும் ஒரே தொழிலில் வந்து சேர்ந்திருக்கின்றன. இதைக் கண்டுகொண்ட ஆய்வுகள், மந்தகாலத்தில் கிராமப் பணம் நகரத்துக்குப் பெயர்ந்தது என்ற பரந்த வாதத்துக்குள் சினிமாவையும் வைக்கின்றன. அது ஏற்கத்தக்கதே. ஆனால் பணம் சினிமாவுக்கு வந்ததைச் சொல்லும் அந்த வாதம், அது ஏன் இரண்டு மொழிக்குப் பிரிந்தது என்பதைத் தொடுவதில்லை.

பாட்டு ஒரு மொழிக்குத்தான் சொந்தம்

ஆய்வாளர் ஸ்டீபன் ஹியூஸ் போன்றோர் முன்வைக்கும் நான்காவது பார்வை, தமிழ் சினிமாவின் தொடக்கத்தை நாடகக் கம்பெனி, இசைத்தட்டு, பேசும்படம் என்ற மூன்றின் கூட்டு வியாபாரமாகக் காண்கிறது. மேடையில் ஓடிய நாடகம் இசைத்தட்டில் விற்றது. தட்டில் விற்றது படத்தில் ஓடும் என்று பணம் போட்டவர் நம்பினார். தியடோர் பாஸ்கரன் மேடைக் கலைஞர்கள் திரைக்குப் பெயர்ந்ததைப் பற்றி எழுதியவையும் இதோடு சேர்ந்து நிற்கின்றன.

இந்தப் பார்வை பணம் ஏன் தமிழ்ப் படத்துக்கு வந்தது என்பதை மற்ற எதையும் விட நன்றாக விளக்குகிறது. ஆனால் பல மொழிக் கேள்வியில் இது எதிர்ப்பக்கம் சாய்வதாக நினைக்கிறேன். 'பக்த நந்தனார்' (1935) படத்துக்குப் பாடகி கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. அது மிகைப்படுத்தப்பட்டிருந்தாலும் கூட, படச் செலவில் பெரும் பங்கு பாடும் நடிகருக்குப் போயிற்று என்பதில் ஐயமில்லை. அந்தக் குரலைத் தெலுங்குக்குக் கொண்டுபோக முடியாது.

செலவைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். அரங்கு, உடை, தள வாடகை, கதை இவை இரண்டு மொழிக்கும் பொது. நட்சத்திரச் சம்பளம், பாட்டு, பிலிம் சுருள், கழுவும் செலவு இவை மொழிக்கு மொழி இரட்டிக்கும். தமிழில் இரண்டாம் வகைதான் கனம். எனவே இரு மொழியில் எடுத்தால் செலவு பாதியாகும் என்ற வழக்கமான கணக்கு நட்சத்திரப் படங்களுக்கு ஒத்துவரவில்லை. 'பாலயோகினி'யில் முன்னால் நின்றது பேபி சரோஜா என்ற குழந்தையும் சீர்திருத்தக் கதையும். பாடகர் புகழை நம்பி ஓடிய படமல்ல அது. இரு மொழிக்கு அது ஏன் தோதுப்பட்டது என்பதற்கு இதை ஒரு காரணமாகக் கருத இடமுண்டு. பின்னணிப் பாடல் வழக்கமாகி, குரல் வேறு முகம் வேறு என்றான பிறகு மறுபடி எடுப்பது எளிதாயிற்று. மெய்யப்பனின் ஏ.வி.எம். நிறுவனம் 'வாழ்க்கை'யை (1949) அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெலுங்கில் 'ஜீவிதம்', இந்தியில் 'பஹார்' என்று மாற்றி எடுத்தது இந்தப் புதிய நிலையில்தான்.

கதைத் தேர்விலும் இதே தர்க்கம் ஓடுகிறது. அரிச்சந்திரன், பிரகலாதன், சீதை கதைகள் எந்த மொழிக்கும் செலவில்லாமல் போகும். திருவண்ணாமலையோடு ஒட்டிய வல்லாள மகாராஜன் கதையும் அருணகிரிநாதர் கதையும் தெருக்கூத்திலும் மேடையிலும் தமிழர் நெஞ்சில் ஊறியவை. கோதாவரிக் கரையில் அவற்றுக்கு விலை ஏது? பணம் போடுபவருக்கு ஊர் மணம் வீசும் கதையை விடப் புராணம் பத்திரமான அடமானம்.

வடஆற்காட்டிலிருந்து பார்த்தால்

ஐந்தாவது விளக்கம் பணத்தைக் கடைசிக் கண்ணியிலிருந்து, கொட்டகையிலிருந்து, பின்னோக்கித் தேடுகிறது. விநியோகஸ்தர் தன் ஏரியாவுக்கான உரிமைக்கு முன்பணம் தருவார்; அந்த முன்பணத்தில்தான் படம் முடியும். பாட்டீல் குழு இந்தப் பழக்கத்தைக் குறையாகப் பதிவு செய்தது. அதற்கு முன்பே காட்சிக்காரர்கள் தயாரிப்புக்கு வந்துவிட்டார்கள். ஊர் ஊராகப் படம் காட்டி வளர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1933இல் கல்கத்தாவின் பயனீர் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார். 'சிந்தாமணி'யை (1937) எடுத்தது மதுரையின் ராயல் டாக்கி விநியோகஸ்தர்கள்; வந்த லாபத்தில் மதுரையில் அதே பெயரில் தியேட்டர் எழுந்தது. படம் காட்டிய பணம் படமாகி, மீண்டும் கொட்டகையாயிற்று.

திருவண்ணாமலை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. படம் எடுத்த ஊரல்ல, பார்த்த ஊர். விநியோகக் கணக்கில் அது இன்றும் என்.எஸ்.சி. ஏரியாவைச் சேர்ந்தது: வடஆற்காடு, தென்ஆற்காடு, செங்கல்பட்டு. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, பழைய ஆற்காடுகள் நிர்வாக வரைபடத்திலிருந்து மறைந்த பிறகும் சினிமா வியாபாரத்தில் அந்தப் பிரிவு சாகவில்லை. இந்த ஏரியாவின் மொழி நிலைமை கவனிக்கத்தக்கது. 1911 வரை சித்தூர்ப் பகுதி வடஆற்காட்டுக்குள்தான் இருந்தது. பிரிந்த பிறகும் வேலூர், ஆரணி, போளூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுவோர் குறைவில்லை. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை திருவண்ணாமலையைச் சித்தூர், திருப்பதித் திசையோடு இணைத்தது. கார்த்திகைத் தீபத்துக்குக் கூடும் கூட்டம் ஒரு மொழிக் கூட்டமல்ல.

இப்படிப்பட்ட எல்லை மாவட்டத்தை வாங்கும் விநியோகஸ்தருக்கு இரு மொழி வடிவங்கள் உள்ள படம் இரண்டு வாய்ப்பு. சென்னை மாகாணம் முழுவதற்கும் இதை விரித்தால், மொழிவாரி மாநிலங்கள் பிரியும்வரை மாகாணத்துக்குள் இருந்த தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடப் பகுதிகள் ஒரே சட்டம், ஒரே தணிக்கை, 1939 முதல் ஒரே கேளிக்கை வரியின் கீழ் இருந்தன என்பது நினைவுக்கு வரவேண்டும். ஒரு தயாரிப்பாளர் தெலுங்கு ஏரியாக்களிலும் முன்பணம் வாங்க முடிந்தால், அந்த இரண்டாவது கை நீட்டல்தான் பல மொழித் தயாரிப்பின் உண்மையான பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. செலவைக் குறைப்பதை விட முன்கூட்டியே கடன் திரட்டும் வழியாக அது இயங்கியிருக்க வேண்டும். மற்ற நான்கு விளக்கங்களும் விட்ட இடத்தை இது ஓரளவு நிரப்புகிறது.

ஓரளவுதான். முதல் சில ஆண்டுகளில் விநியோக வலையே உறுதியாக இல்லை. 1931இன் 'காளிதாஸ்' படத்தை முன்பணக் கோட்பாட்டால் விளக்குவது மிகை. கடல் கடந்த ஒரு வழக்கும் இதற்கு அடங்க மறுக்கிறது. சிங்களத்தின் முதல் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' மதுரையில் எஸ்.எம். நாயகத்தின் சித்ரகலா மூவிடோனில் உருவாகி 1947 ஜனவரியில் இலங்கையில் வெளியானது. அதே ஆண்டு 'அசோகமாலா' கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. சிங்களத்தில் பேசும்படமே இல்லாத நிலையில் எந்த ஏரியாக்காரர் முன்பணம் தந்திருப்பார்? இங்கே தளத்துக்கு வேலை தேடும் இரண்டாவது விளக்கமே மறுபடி கை கொடுக்கிறது.

போரும் பிலிம் சுருளும்

போர்க்காலம் தனியாகப் பேச வேண்டியது; சுருக்கமாகவே சொல்லலாம். கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் 1942க்குப் பிறகு படத்தின் நீளம் 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. பிலிமுக்கு உரிமம் வந்தது. ஒரு கதைக்கு இரண்டு நெகடிவ் என்பது திடீரென்று ஆடம்பரமாயிற்று. மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வை (1943) மறுபடி எடுக்காமல் 1944இல் தமிழில் டப்பிங் செய்ததற்கும் இந்தத் தட்டுப்பாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கருதுவது நியாயம். போர் முடிந்ததும் தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசன் எதிர்த்திசையில் போனார். 'சந்திரலேகா'வுக்கு (1948) சுமார் 30 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். தமிழ் ஏப்ரலிலும் இந்தி டிசம்பரிலும் வந்தன. தமிழ்ச் சந்தை மட்டும் அந்தத் தொகையைத் தாங்காது என்பதைக் காகிதமும் பென்சிலும் இருந்தால் யாரும் கண்டுகொள்ளலாம். அங்கே இரண்டாவது மொழி பிழைக்கும் வழியாகவே இருந்தது.

தீராதவை

விவாதத்தின் பெரிய குறை தொகைகள். 'காளிதாஸ்' 8,000 ரூபாயில் எடுக்கப்பட்டு 75,000 ரூபாய் ஈட்டியது என்ற கணக்கு நூல்களிலும் கட்டுரைகளிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. அது தயாரிப்பாளரின் பங்கா, கொட்டகை வசூலா, எந்த ஏரியாக்களின் கூட்டல் என்ற விளக்கம் அதோடு வருவதில்லை. படத்தின் பிரதியே மிஞ்சவில்லை. 'பாலன்' படத்துக்கும் அதே கதி. விளம்பரமும் நினைவுக் குறிப்பும் தந்த எண்களை வைத்து ஐந்து விளக்கங்களில் எதையும் வீழ்த்தவோ நிலைநிறுத்தவோ இயலாது.

சினிமாவுக்கு வெளியே தேடினால் சில கதவுகள் திறக்கலாம். லிமிடெட் கம்பெனிகளாகத் தொடங்கிய ஸ்டுடியோக்கள் 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி பங்குதாரர் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. நீதிமன்றத்துக்குப் போன நெகடிவ் உரிமைத் தகராறுகள் தீர்ப்புத் தொகுப்புகளில் கிடக்கின்றன. நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்து ஏரியா வாங்கியவர்களின் பத்திரங்கள் திருவண்ணாமலை போன்ற ஊர்களின் சார்பதிவாளர் அலுவலகங்களில் தேடத் தகுந்தவை. நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானத்தை எழுதிப் பதிய வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனுக்கு அன்று பதிவு தேவைப்படவில்லை. நிலம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. படப் பணம் பெரும்பாலும் கைமாறியது இந்த மூன்று நகரங்களில்தான். வடஆற்காட்டு வயல் ஒன்றின் பத்திரம் சென்னையில் ஒரு ஃபைனான்சியரின் பெட்டிக்குள் போயிருந்தால், கடன் தீர்ந்த நாளில் அது திரும்பி வந்திருக்கும். பதிவேட்டில் வரியொன்றும் ஏறியிருக்காது. எனவே மாவட்டப் பதிவேடுகளில் எவ்வளவு தேடினாலும் கிடைப்பது சிறு விநியோகஸ்தரின் கடனாகவே இருக்கக்கூடும். இரண்டு மூன்று மொழிகளுக்குச் சேர்த்துப் பணம் போட்டவர்களின் கணக்கை வழக்கில் சிக்கிய பத்திரங்களிலிருந்தும் குடும்பங்களிடம் தங்கிய பேரேடுகளிலிருந்தும்தான் திரட்ட வேண்டியிருக்கும். தோற்றவர்களே நீதிமன்றம் ஏறுவதால் அந்தச் சான்று தோல்விப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.